வாட்ஸ்அப்பில் கேரளா லாட்டரி வாங்குகிறவர்களே, 22,000 ரூபாய் பறிகொடுத்து எழுதுகிறேன்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர், கோவை, பொள்ளாச்சிப் பக்கம் வாட்ஸ்அப் குரூப் வழியாகக் கேரளா லாட்டரி எடுக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். எங்கள் பணம் 22,000 ரூபாய் போய்விட்டது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் குரூப் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் லாட்டரிப் பேச்சு ஒன்றும் புதிதல்ல. ஓணத்துக்குக் கேரளா விடும் பெரிய பரிசு லாட்டரியான ஓணம் பம்பரில், 2023-இல் 25 கோடி எல்லையோர வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்து, அதை எடுத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் என்று செய்தி வந்ததிலிருந்து இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் யாராவது பாலக்காடு போகிறார் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு 50 ரூபாயைக் கையில் திணித்து அனுப்புவார்கள். எப்போதாவது 100, 200 விழும். அதுவும் அடுத்த டிக்கெட்டுக்கே போய்விடும். செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் வருடக்கணக்காக வாங்குகிறார், அவருக்கு விழுந்ததில் பெரிய தொகை 1,000 ரூபாய். அன்றைக்கு அவர் எங்களுக்கு வாங்கிப் போட்ட பிரியாணியே அதைத் தாண்டியிருக்கும். விழவில்லை என்று யாரும் ஒப்பாரி வைத்ததில்லை. 2025 ஓணம் பம்பருக்கு அச்சடித்தது 75 லட்சம் டிக்கெட். அதில் நம்முடையது வரும் என்று வீடு கட்டப் பிளான் போடுகிறவன் எங்களில் யாருமில்லை.

விழாமல் போவது வேறு. டிக்கெட்டே இல்லாமல் போவது வேறு. நான் கத்துவது இரண்டாவதற்கு.

வாட்ஸ்அப் குரூப்பை நடத்திய அந்த ஆள் முதலில் வாராந்திர டிக்கெட்தான் எடுத்துக் கொடுத்தான். ஜிபேயில் பணம் போட்டால் டிக்கெட் போட்டோ வரும். ஒரு தடவை 500 ரூபாய் விழுந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அண்ணா, உங்களுக்கு அடிச்சிருக்குங்ணா, அனுப்பிட்டேன் பாருங்க" என்று அவனே மெசேஜ் போட்டான். பணமும் வந்திருந்தது. தூண்டிலில் புழு மாட்டுகிற மாதிரி அந்த 500-ஐ மாட்டியிருக்கிறான்.

அதைவிட என்னை நம்ப வைத்தது டிக்கெட்டின் பின்பக்கம். கேரளா டிக்கெட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட இடம் இருக்கும். அங்கே நீல பால்பாயிண்ட் பேனாவில் என் பெயரைத் தமிழில், இனிஷியலோடு எழுதிப் போட்டோ அனுப்பினான். "உங்க பேர் எழுதியாச்சுங்ணா, இனி வேற யாரும் மாத்த முடியாது" என்றான். வாளையாரில் ஒரு கடை போர்டுக்கு முன்னால் நின்று டிக்கெட் கட்டை எண்ணும் வீடியோவும் வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்?

அந்த 2025 ஓணம் பம்பருக்குக் கம்பெனியில் எங்கள் தையல் லைனில் எல்லோரும் சேர்ந்தோம். ஓவர்லாக் டெய்லர்கள், அயர்ன் மாஸ்டர், செக்கிங் பெண்கள் எல்லோரிடமும் வசூல் செய்தோம். 40 டிக்கெட். டிக்கெட்டில் அச்சடித்த விலை 500 ரூபாய். இவன் 550 கேட்டான். ஏன் என்றால், "ஜிஎஸ்டி ஏறிடுச்சுங்ணா." 2025 செப்டம்பர் 22-லிருந்து லாட்டரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம் ஆனது உண்மைதான். ஆனால் பம்பர் விலை 500-லேயேதான் இருந்தது. இதைப் பிறகுதான் கடையில் சொன்னார்கள். ஆக மொத்தம் 22,000. செப்டம்பர் 27-இல் நடக்க வேண்டிய குலுக்கல் அக்டோபர் 4-க்குத் தள்ளிப் போனதல்லவா, அந்த ஒரு வாரமும் குரூப்பில் "இன்னும் டிக்கெட் இருக்கு" என்று கூவிக்கொண்டே இருந்தான்.

குலுக்கல் முடிந்ததும் ரிசல்ட்டைப் பார்த்தோம். எங்கள் டிக்கெட் ஒன்றின் கடைசி நாலு நம்பருக்கு 5,000 ரூபாய். லைனே கைதட்டியது. அவனுக்கு மெசேஜ் போட்டேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது ஆட்டம்.

முதலில், "கங்கிராட்ஸ் அண்ணா, திங்கட்கிழமை வந்துரும்." அப்புறம், "திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கு சார்." அண்ணா சார் ஆனதை அப்போதே கவனித்தேன். அடுத்து ஆதார், பான் கார்டு கேட்டான். அடுத்து, 1,500 ரூபாய் வரி முன்னால் கட்ட வேண்டுமாம். 5,000 வரைக்கும் எந்த லாட்டரிக் கடையிலும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிடித்தம் எல்லாம் 10,000-க்கு மேலேதான், அதையும் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். பரிசு வாங்குகிறவன் முன்பணம் கட்டுவது எந்த ஊரிலும் கிடையாது. "பரிசே வேண்டாம், என் 40 டிக்கெட்டையும் கையில் கொடு" என்றேன். "ப்ரோ, நம்பிக்கை இல்லாதவங்க எங்க குரூப்ல இருக்க வேண்டாம்" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் பிளாக்.

அவன் வீடியோவில் காட்டிய வாளையார் கடைக்கே நேரில் போனோம். கடைக்காரர் வயதானவர், நல்ல மனிதர். போட்டோவைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, தலையில் கை வைத்தார். "இதே நம்பரைக் காட்டிட்டு உங்களுக்கு முன்னாடியே ஆள் வந்தாச்சு தம்பி" என்றார். ஆன்லைன் விற்பனைக்கு அனுமதியே இல்லை, காகித டிக்கெட் மட்டும்தான், அதுவும் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு என்றார். அப்புறம் என் போனை வாங்கிப் பின்பக்கப் போட்டோவை விரலால் பெரிதாக்கி, "இதில நம்பர் எங்கே?" என்று கேட்டார்.

இல்லை. முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ. பின்பக்கத்தில் நம்பரே தெரியவில்லை. ஏதோ ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் என் பெயரை எழுதியிருக்கிறான். முன்பக்கப் படம் ஒன்றையே எத்தனை பேருக்கு விற்றானோ!

ஸ்டேஷனில் கிடைத்த மரியாதை தனிக் கதை. "தடை செஞ்ச லாட்டரியை வாங்கிட்டு இங்கேயே வந்து கம்ப்ளைண்ட் கொடுக்கறீங்களா?" என்றார் ஒருவர். லாட்டரி இருக்கட்டும் சார், 22,000 ரூபாய் திருடியது குற்றமில்லையா? கடைசியில் 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் பதிவு செய்திருக்கிறேன். வருமா வராதா தெரியாது. லைனில் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. போட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள், டிக்கெட் கையில் வந்தால்தான் அது டிக்கெட். பரிசுக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஆதார், பான் எதையும் அனுப்பாதீர்கள். பணம் போனால் அன்றைக்கே 1930-க்கு அடியுங்கள், என்னைப் போலத் தாமதிக்க வேண்டாம்.

அந்தக் குரூப் இன்னும் ஓடுகிறது. ஓணம் பம்பர் முடிந்ததும் 2025 பூஜா பம்பர், 12 கோடி, "300 ரூபாய் டிக்கெட், சர்வீஸ் சார்ஜ் இல்லை" என்று விளம்பரம் போட்டான். உங்களுக்குத் தெரிந்த யாராவது அதில் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.