பாஸ்போ ஆன்டிபாடி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: 38,500 ரூபாய் போய்விட்டது

நேற்று ராத்திரிதான் கடைசி பிளாட்டை (ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை) டெவலப் செய்தேன். இன்னும் கோபம் அடங்கவில்லை. 38,500 ரூபாய். ஆராய்ச்சி மாணவியான என்னுடைய இந்த வருடக் கன்டிஞ்சன்சி (ஆராய்ச்சிச் செலவுப் பணம்) மொத்தமும், அதற்கு மேல் எங்கள் கைடு தன் புராஜெக்டிலிருந்து போட்டதும் சேர்ந்த பணம் அது. டீலரின் பெயரைச் சொல்லவில்லை. லேப்களுக்கு கெமிக்கலும் கிட்டும் சப்ளை செய்பவர், அவ்வளவு போதும்.

எனக்கு வேண்டியிருந்தது காமா ஹெச்2ஏஎக்ஸ் ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்வது; பாஸ்போ ஆன்டிபாடி என்றால் அந்தப் புரதத்தில் பாஸ்பேட் இருந்தால் மட்டும்தான் ஒட்ட வேண்டும். டிஎன்ஏவின் இரண்டு இழையும் அறுந்துபோனால், சில நிமிடங்களிலேயே அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஹெச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோனின் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) வால் முனையில், 139ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில், ஏடிஎம் போன்ற கைனேஸ்கள் (பாஸ்பேட் ஒட்டும் என்சைம்கள்) ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்படி ஒட்டியதுதான் காமா ஹெச்2ஏஎக்ஸ். 1998இல் கண்டுபிடித்த விஷயம் இது. ஒளிரும் சாயத்தோடு ஆன்டிபாடி போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நியூக்ளியஸுக்குள் புள்ளி புள்ளியாக ஒளிரும். அந்த ஒரு பாஸ்பேட்டை மட்டும் அடையாளம் காண்பதற்குத்தான் இவ்வளவு விலை. பாஸ்பேட் இல்லாத ஹெச்2ஏஎக்ஸிலும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

மற்ற இடத்தில் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பேப்பர் ரிவிஷனுக்கு எனக்கு இருந்ததே இரண்டு மாதம். இந்த டீலரோ எங்கள் லேபுக்கு மூன்று வருடமாக பிப்பெட் டிப்ஸும் கிளவுஸும் கொடுத்துக்கொண்டிருந்தவர். நேரில் வந்தார், டீ குடித்தார், என் வேலை என்னவென்று பொறுமையாகக் கேட்டார். "ஸ்டாக் கையிலேயே இருக்கு மேடம், நாலு நாள்ல வந்துடும். ஏதாவது பிரச்சினைன்னா நான் இருக்கேன்ல?" அந்த "நான் இருக்கேன்ல" என்ற வார்த்தையை நம்பித்தான் கைடிடம் போய்க் கையெழுத்து கேட்டேன்.

வயல் (ஆன்டிபாடி இருக்கும் சின்னக் குப்பி) வந்தது மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு. தெர்மாக்கோல் பெட்டிக்குள் குளிர்ச்சிக்காக வைத்த ஜெல் பேக் முழுக்க உருகி வெதுவெதுப்பாக இருந்தது. போன் செய்தேன். "கிளிசரால் இருக்கு மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் பிளாட்டில், டிஎன்ஏவை அறுக்கவைக்கும் எட்டோபோசைட் மருந்து கொடுத்த ஹீலா செல்லிலும் (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்), ஒன்றுமே கொடுக்காத செல்லிலும் ஒரே அளவு பேண்ட் (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் தெரியும் கோடு). மறுபடி செய்தேன், அதேதான். செல்லின் புரதங்களை ஒட்டவைத்த மெம்பரேனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை லாம்டா பாஸ்படேஸில் ஊறவைத்தேன். அது பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், ஆகவே உண்மையான பாஸ்போ ஆன்டிபாடி என்றால் பேண்ட் மறைய வேண்டும். மறையவில்லை. என் கைதான் சரியில்லையோ என்று பக்கத்து லேப் அக்காவிடம் அவருடைய பழைய வயலிலிருந்து இரண்டு மைக்ரோலிட்டர் கடன் வாங்கி, அதே லைசேட்டில் (செல்லை உடைத்து எடுத்த சாறு) போட்டேன். எட்டோபோசைட் லேனில் மட்டும் பேண்ட், பாஸ்படேஸ் போட்டதும் காணோம். அப்புறம்தான் எங்கள் வயலில் இருந்த லாட் நம்பரை (தயாரிப்புத் தொகுதி எண்) எழுதி, ஆன்டிபாடி தயாரிக்கும் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கேட்டேன். அந்த லாட் காமா ஆன்டிபாடிக்கு உரியதே இல்லை என்று பதில் வந்தது. லேபிளை நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் இன்னொரு லேபிள்.

இதையெல்லாம் படத்தோடு டீலருக்கு அனுப்பினேன். முதலில், "பால்ல பிளாக் பண்ணியிருப்பீங்க மேடம்" என்றார். பிளாக் என்றால், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க மெம்பரேனை வேறு புரதத்தால் மூடுவது. பாலில் இருக்கும் கேசினே பாஸ்பேட் உள்ள புரதம், பாஸ்போ பிளாட்டுக்கு நான் பிஎஸ்ஏதான் (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம்) போடுவேன், அதையும் எழுதியிருந்தேன். அடுத்த வாரம், டெக்னிக்கல் ஆள் ஊரில் இல்லை. அதற்கடுத்த வாரம், திறந்த வயலைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் எப்படிச் சோதிப்பது? பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கடைசியாக நேற்று டீலர் கடை முதலாளியே போனை எடுத்தார். "ஸ்டூடன்ட்கிட்டல்லாம் பேச முடியாதும்மா, உங்க சாரைப் பேசச் சொல்லுங்க." மூன்று வருடம் என்னிடம்தான் ஆர்டர் வாங்கினார்கள். 38,500 ரூபாய் வாங்கும்போது நான் மேடம், திருப்பிக் கேட்டால் ஸ்டூடன்ட்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. லாட் நம்பரைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள், வயல் வந்ததும் கம்பெனியிடம் சரிபாருங்கள். ஜெல் பேக் உருகியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பி அனுப்புங்கள். பாஸ்படேஸ் டெஸ்டை முதல் வாரமே செய்துவிடுங்கள். அதுவரைக்கும் பில்லைப் பாஸ் பண்ண விடாதீர்கள். எங்கள் 38,500 பத்தே நாளில் போய்விட்டது.