'3 நாள் இலவசம்' என்று சொல்லும் ஏஐ ஆப்: வாரா வாரம் காசு போகிறது, உஷார்

ஏஐ ஆப் எதையாவது இறக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

ஆப்பின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வரும். அடையாளம் சொல்கிறேன். லோகோ அசப்பில் சாட்ஜிபிடி மாதிரியே இருக்கும். திறந்த உடனே திரை முழுக்க ஒரு பக்கம்: '3 நாள் இலவசம்' என்று கொட்டை எழுத்து, கீழே பெரிய பட்டன். மூடுவதற்கான பெருக்கல் குறி சில நொடி கழித்துத்தான் மூலையில் மங்கலாக எட்டிப் பார்க்கும். இலவசம் முடிந்தபின் எவ்வளவு என்பது வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் 'வாரத்துக்கு' என்றிருக்கும். சந்தா என்றாலே மாதக் கணக்கு என்று நம் கண் பழகிவிட்டதல்லவா, அங்கேதான் கை வைக்கிறார்கள். வருஷத்துக்கு 52 தடவை!

நானும் இதில் சிக்கினேன். அந்த 3 நாள் டிரையல் முடியும் முன்பே ஆப்புக்குள் இருந்த 'ரத்து செய்' பட்டனை அழுத்தினேன். 'உங்கள் கோரிக்கை பதிவானது' என்று வந்தது. அடுத்த வாரமும் பணம் போனது, அதற்கடுத்த வாரமும். அந்தப் பட்டன் சும்மா ஒப்புக்கு. மெயில் போட்டால் பதில் சொல்வதும் ஆள் இல்லை, தானாகப் பதில் அனுப்பும் ஒரு பாட் (bot) தான்: வருஷச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம். என்ன தைரியம் பாருங்கள்.

இத்தனைக்கும் இவர்களிடம் சொந்தச் சரக்கு கிடையாது. வேறு நிறுவனத்தின் ஏஐ மாடலை ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் வழி) மூலமாக வாங்கி, மேலே ஒரு சட்டை மாட்டி விற்கிறார்கள். அசல் சாட்ஜிபிடி 2022 நவம்பரிலிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த பிளஸ் சந்தாவே மாதத்துக்கு 20 டாலர்தான். ஆனால் ஐபோனுக்கு அதன் சொந்த ஆப் மே மாதமும், ஆண்ட்ராய்டுக்கு ஜூலையிலும்தான் வந்தது. அந்த இடைவெளியில் போலிகள் புகுந்து விளையாடின. சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்த மே மாதமே இதைப் பற்றி எச்சரித்தது. அசல் வந்த பிறகும் இந்தக் கூட்டம் கலையவில்லை.

ஸ்டோர் வழியாகக் கட்டிய சந்தா உங்கள் ஸ்டோர் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கும். ஆப்பை அழித்தாலும் போகாது. ரத்து செய்ய, ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், பிறகு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. ஆப்பிளில் டிரையலை, முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். இறக்கும் முன் டெவலப்பர் பெயரையும் பாருங்கள். சாட்ஜிபிடி என்றால் 'ஓபன்ஏஐ' என்றுதான் இருக்க வேண்டும்.

போன பணத்துக்கு ஸ்டோரில் ரீஃபண்ட் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் கமெண்டில் போடுகிறேன்.