சர்வீஸ் கம்பெனியா, ஜிசிசியா? பெங்களூர்ல வேலை மாறப்போறவங்களுக்கு

சர்வீஸ் கம்பெனின்னா மத்த கம்பெனிங்களோட ஐடி வேலைய காண்ட்ராக்ட் எடுத்து செஞ்சு குடுக்கறது. ஜிசிசின்னா (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) வெளிநாட்டு பேங்க், ரீடெயில், கார் கம்பெனிங்க தங்களோட வேலைய வெளிய காண்ட்ராக்ட் விடாம இங்கயே சொந்த ஆபீஸ் போட்டு செஞ்சுக்கறது. புதுசு ஒண்ணும் இல்ல, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985லயே பெங்களூர் வந்தாச்சு, 2024ல கர்நாடகா இதுக்குன்னே தனி பாலிசி கொண்டுவந்துச்சு.

ஃப்ரெஷருக்கு சர்வீஸ்தான் ஈஸி. கூட்டமா எடுப்பாங்க, டிரெய்னிங் குடுப்பாங்க, காலேஜ் பேர பெருசா பாக்க மாட்டாங்க, நம்ம ஊர் பக்கத்துல இருந்து பஸ் ஏறி வந்தவங்க பாதிப்பேரு அப்படித்தான் உள்ள போனாங்க. ஆனா உசுரே பில்லிங்லதான், அதாவது உங்க வேலைக்கு கிளையண்ட்கிட்ட வாங்கற காசுலதான், ப்ராஜெக்ட் முடிஞ்சா பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் கெடைக்கற வரைக்கும் சும்மா இருக்கணும், பெஞ்ச்ல உக்காந்தா மேனேஜர் பாக்குற பார்வையே வேற, சரி கிளம்பலாம்னா பல எடத்துல 90 நாள் நோட்டீஸ்.

ஜிசிசில பெஞ்ச் தொல்லை இல்ல, சம்பளம் பொதுவா கூட, கம்பெனியோட சொந்த சிஸ்டத்துலயே வேலைங்கறதால ஒரு விஷயத்துல ஆழமா போலாம். ஆனா முடிவு எடுக்கறவங்க நியூயார்க்லயோ லண்டன்லயோ இருப்பாங்க, நம்ம ராத்திரி ஒன்பது மணி கால்ல சாப்பாட்டுத் தட்ட மடில வச்சுகிட்டு மியூட்ல உக்காந்திருக்கணும். அங்க செலவக் கொறைக்க நெனச்சா இங்க டீமே காலி, அதுவும் நடக்குது.

ஆன்சைட் ஆசைக்கு, அதாவது வெளிநாட்டுல கிளையண்ட் எடத்துக்கே போய் வேலை பாக்கறதுக்கு, முன்னெல்லாம் சர்வீஸ்தான் வழி. 2025 செப்டம்பர்ல அமெரிக்கா புது ஹெச்-1பி (அங்க போய் வேலை பாக்கற விசா) மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் போட்டதும் அந்தக் கணக்கும் ஆட்டம் கண்டுச்சு.

என் ஓட்டு, அஞ்சு வருஷம் தாண்டினவங்க ஜிசிசி. ஆஃபர் வந்தா சம்பளத்துக்கு முன்னாடி உங்க மேனேஜர் எந்த ஊர்ல இருக்காருன்னு கேளுங்க.