படுவான்கரையில் ஒரு தயிர்க் கடை

மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும் வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறிய தயிர்க் கடை இருக்கிறது. 2014இல் பாலம் திறக்கப்படும் வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடக்க வேண்டியிருந்த இந்த மேற்குக் கரைக்கு, அதாவது படுவான்கரைக்கு, இப்போது மட்டக்களப்பு நகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். கடந்த எட்டு மாதங்களாக வாரம் ஒரு சட்டி எருமைத் தயிர் அங்கேதான் வாங்குகிறேன்.

சட்டியைச் சற்றுச் சரித்தாலும் தயிர் அசைவதில்லை. கரண்டியால் வெட்டிய இடம் சுவர்போல் நிற்கிறது. பசுப்பாலில் கொழுப்பு 4 சதவீதமளவில் இருக்க, எருமைப்பாலில் அது 7 சதவீதத்தை எட்டுவதும், கேசின் என்னும் புரதம் கூடுதலாக இருப்பதும் இதற்குக் காரணம். நிறமோ சுண்ணாம்பு வெள்ளை. பசுவின் கொழுப்புக்கு மஞ்சள் தரும் கரோட்டீனை எருமை தன் உடலுக்குள்ளேயே விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால், அதன் பாலில் அந்தச் சாயல் சேர்வதில்லை. மிச்ச வேலையை மண்சட்டி பார்க்கிறது: மெருகிடாத மண் தண்ணீரை உறிஞ்சி வெளியே ஆவியாக விடுவதால் தயிர் இறுகுகிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. பிளாஸ்ரிக் கிண்ணத்தில் இது நடக்காது.

கடையின் பின்புறத்தில் வேலை நடப்பதைப் பார்க்க விடுகிறார்கள். நான் இந்தக் கடையை நம்பத் தொடங்கியது அங்கேதான். கிடாரத்தில் பால் பொங்கிய பின்னும் தீயைக் குறைத்து நெடுநேரம் காய்ச்சுகிறார்கள். பச்சைப் பாலின் வழியே மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா போன்ற கிருமிகள் இதில் அழிவதோடு, பாலின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் புரதங்கள் வெப்பத்தால் விரிந்து கேசினோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் நீர் விடுவதும் குறைகிறது. பிறகு பாலை ஆறவிட்டு, உறை விடும் அம்மா மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்க்கிறார். வெப்பமானியில் 40 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே காட்டும் சூடு அது. உறைமோரிலுள்ள பக்டீரியாக்கள் செழிக்கும் நிலை. அவை பாலின் சர்க்கரையான இலக்ரோசை இலக்ரிக் அமிலமாக்க, புளிப்பேறும்போது இறங்கும் பி.எச். அளவு 4.6ஐ நெருங்கும்போது கேசின் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி வலையாகின்றன. அதற்கு முன்னர் சட்டியை ஆட்டினால் எல்லாம் கெட்டது. ஒருமுறை அவசரப்பட்டுக் கேட்டபோது அந்த அம்மா, "இன்னும் உறையல்ல மனே, பின்னேரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்பனையை விட்டுக் காத்திருக்கச் சொன்ன கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதும். பால்குடி மறந்த பின் பலரின் சிறுகுடலில் இலக்ரோசைச் செரிக்க உதவும் இலக்ரேசு நொதியம் குறைந்துவிடுவதே இதற்குப் பொதுவான காரணம். தயிரில் இலக்ரோசின் ஒரு பகுதி முன்னரே செலவாகிவிடுகிறது. உயிருள்ள பக்டீரியாக்களின் நொதியமும் குடலில் உதவுகிறது. ஆகவே கல்சியமும் புரதமும் விற்றமின் பி12உம் எனக்குச் சிரமமின்றிக் கிடைக்கின்றன. நிரம்பிய கொழுப்பு அதிகமென்பதால் ஒரு வேளைக்கு ஒரு சிறு கோப்பைக்கு மேல் சாப்பிடுவதில்லை. கித்துள் பாணியை ஊற்றிய பிறகு இந்தக் கட்டுப்பாடு நிற்பதில்லை என்பது வேறு விடயம்.

குறையும் உண்டு. பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயற்பக்கத்து மாடுகளை மாதவனை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டு போய்விடுவார்கள். கடைக்குப் பால் வரத்து குறையும். மார்கழியில் வாங்கிய இரண்டு சட்டிகளில் தயிர் இளமஞ்சளாக இருந்தது, கரண்டியிலும் நிற்கவில்லை. பசுப்பால் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சோதனை வேண்டியதில்லை. கலப்பது குற்றமல்ல, சொல்லாமல் எருமைத் தயிரின் விலைக்கே விற்றதுதான் தவறு. சட்டியில் உறை விட்ட திகதி இல்லாததையும் சேர்த்து உரிமையாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த வாரம் சில சட்டிகளின் வாயைக் கட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் "கலப்பு" என்று எழுதி, விலையையும் குறைத்திருந்தார்கள். திகதியை இன்னும் எழுதவில்லை.