கிளாங்-டைடி: அமைப்புக் கோப்பையும் சோதிக்கும் கருவி

எங்கள் சி++ நிரலில் பெயரிடும் முறையைக் கவனிப்பது, நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவியான கிளாங்-டைடிதான். அதன் ஒரு சின்ன குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் அமைப்புக் கோப்பில், மாறிப் பெயர்களுக்கு 'லோயர்_கேஸ்' (சிறிய எழுத்துகள், சொற்களுக்கு இடையே அடிக்கோடு) என்று தர வேண்டிய இடத்தில் அடிக்கோட்டை விட்டுவிட்டால், மதிப்பு செல்லாது என்பதோடு நிற்காமல், 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று சரியானதையும் காட்டுகிறது. ஆனால் அது வெறும் எச்சரிக்கை. ஓட்டம் நிற்காது, மாறிப் பெயர்கள் மட்டும் சோதிக்கப்படாமல் போய்விடும். நிரல் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐ அமைப்பின் நீளமான பதிவில் அந்த ஒரு வரியை யார் படிப்பார்கள்? ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சோதிக்கும் இஎஸ்லிண்ட் இதில் கறார்: பட்டியலில் இல்லாத மதிப்பைக் கொடுத்தால் எந்த விதியில் சிக்கல் என்று சொல்லி, ஓடவே மறுத்துவிடும். அதுதான் சரி என்பேன். அப்புறம், அமைப்புக் கோப்பில் மதிப்பு மட்டுமல்ல, விருப்பத்தேர்வின் பெயரே தப்பாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்க கிளாங்-டைடியின் புதிய பதிப்புகளில் 'வெரிஃபை-கான்ஃபிக்' என்ற கட்டளைத் தேர்வு இருக்கிறது.