ரெக்கார்டிங் படிக்க யூனிவர்சிட்டியா, காலேஜா, நம்ம ஊர் சவுண்ட் அண்ணனா?

பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு சவுண்ட் ரெக்கார்டிங்தான் படிப்பேன் என்று நிற்கிற தம்பிகளை மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் நிறையப் பார்க்கலாம். சின்ன வயதிலிருந்து உறுமி மேளத்தோடு சுற்றியவர்கள், அக்கவுண்டிங் படி என்றால் கேட்பார்களா!

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் தஞ்சோங் மாலிமில் உப்சி, அதாவது சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். நம்ம ஸ்டேஷனில் ரயிலேறினால் அதே பாதைதான். செலவு குறைவு, அம்மா அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் அது ஆசிரியர்களை உருவாக்கும் இடம். பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால் போகலாம், பதிந்த சத்தங்களை அளவாகக் கலக்கும் மிக்சிங் மட்டும்தான் வேண்டும் என்றால் வேண்டாம்.

கோலாலம்பூர் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் காசைக் கரைக்கும். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் படிப்புக் கடன் வேண்டுமென்றால் அந்தப் படிப்புக்கு, படிப்புகளின் தரம் பார்க்கும் எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாஃப்ட்வேருக்காக மட்டும் அங்கே போகாதீர்கள். ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை வீட்டிலேயே 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் தனியாள் லைசென்ஸ் 60 அமெரிக்க டாலர். நீங்கள் காசு கட்டுவது சத்தம் சரியாகக் கேட்கும்படி கட்டிய அவர்களுடைய ஸ்டூடியோ அறைக்கு. தோட்டத்து வீட்டுச் சின்ன அறையில் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் ஒரு மூலையில் குமியும், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் காணாமல் போகும், போதவில்லையே என்று ஏற்றி வைப்பீர்கள், அப்புறம் அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினாலும் இது தீராது. மழை வந்தால் தகரக் கூரை வேறு.

சவுண்ட் சிஸ்டம் வைத்திருக்கிற அண்ணனிடம் சேர்ந்தால் ஃபீஸ் கிடையாது, வயர் சுற்றுவதிலிருந்து வேலை. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் மைக் கூவினால் எந்த பட்டனை இறக்குவது என்பது வகுப்பறையில் இவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. ஆனால் காரணம் தெரியாது. தவிலுக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் சத்தம் மெலிந்துவிடும். அண்ணன் மைக்கை நகர்த்தி நகர்த்திச் சரி செய்வார். ஒரு பக்கத் தோல் உள்ளே அமுங்கும்போது மறுபக்கத் தோல் வெளியே தள்ளுவதால் இரண்டு மைக்கும் எதிரெதிராகக் கேட்டு அடிச்சத்தத்தைத் தின்றுவிடுகின்றன, ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்பி அதன் அலையைத் தலைகீழாக்கினால் போதும் என்பதைக் காலேஜில் சொல்லிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் ஒரு வருஷம் அண்ணன், அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கடன் வாங்கி டிப்ளோமா. காலேஜைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது பெரிய மிக்சிங் கன்சோலைக் காட்டி மயக்குவார்கள். ஒரு மாணவன் தன் சொந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோவை எடுக்கலாம் என்று கேளுங்கள். மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.