மீன் பார்க்கத் தெரியாத முதலாளியின் வாழையிலைச் சாப்பாடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர் வேண்டாம், படித்தால் காரணம் தெரியும். 19 வருடமாக அங்கே சாப்பிடுகிறேன். பெரிய முதலாளி போன வருடம் தவறிவிட்டார். இப்போது கல்லாவில் இருப்பது மகன். கணக்காய்வு படித்த பிள்ளை, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வளர்ந்தவர். அமைச்சராக வருகிறவருக்குத் துறை அனுபவம் வேண்டுமா என்று கேட்கிறார்களே, அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது இந்தக் கடையில்தான்.

முதலில் சாப்பாடு. மரக்கறி இலை 12 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மரக்கறி, அப்பளம், ரசம், மோர், பொரித்த பாகற்காய். அந்தப் பாகற்காய்க்காகவே போகலாம். காகிதம் மாதிரி சீவி, தொட்டால் நொறுங்குகிற அளவுக்குப் பொரித்திருப்பார்கள். ரசத்தில் மிளகு தொண்டையைப் பிடிக்கும். பருப்புக் கறி வெறும் தண்ணி. மீன் கறி ஊற்றச் சொல்லிவிடுங்கள்.

அந்த மீனில்தான் வந்தது வினை. மகன் பொறுப்பெடுத்த மூன்றாவது மாதம், தெங்கிரி (வஞ்சிரம்) என்று 14 வெள்ளிக்கு ஒரு துண்டு வைத்தார்கள். பிய்த்தால் உள்ளே கருஞ்சிவப்பு. தெங்கிரிச் சதை வெள்ளையாக இருக்கும், இது தொங்கோல், மலிவான சூரை மீன். கல்லாவில் இருந்த தம்பியைக் கூப்பிட்டேன். ஓடிப் போய் பில்லை எடுத்து வந்தார். “பாருங்க ஆன்ட்டி, தெங்கிரினுதான் போட்டிருக்கு.” வேனில் துண்டு போட்டே வந்து இறங்குகிற மீன். பேரம் பேசி விலை குறைத்ததாகப் பெருமை வேறு.

கை கழுவப் போகும்போது சமையல்காரரைப் பிடித்தேன். கடையில் 20 வருடத்துக்கு மேல் இருப்பவர். “உங்களுக்குமா தெரியலண்ணே?”

“மொத நாளே தெரியும்மா. தம்பி பில்லைத்தான் பாக்குது. என்னைய யாரு கேட்டா?”

இதே பதிலை நானே எத்தனை முறை மனசுக்குள் சொல்லியிருக்கிறேன்! 31 வருடம் அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா, நான். ஜாலான் டூத்தாவில் சேர்ந்து புத்ராஜெயாவில் ஓய்வு பெற்றவள். துறை தெரிந்த அமைச்சர் வந்தால், தெரியும் என்பதாலேயே எங்களைக் கேட்க மாட்டார். தெரியாதவர் வந்தால் கேட்கக் கூச்சப்படுவார். இரண்டிலும் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அமைச்சராக வர சட்டமும் அனுபவம் கேட்கவில்லை. மலேசிய அரசியலமைப்பின் 43ஆவது விதிப்படி அமைச்சர் நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக இருந்தால் போதும். துறை ஆள்தான் வேண்டுமென்றால் மேலவைக்கு நியமித்து, செனட்டராக்கிக் கொண்டுவரலாம். சிஐஎம்பி வங்கியிலிருந்த தெங்கு ஸஃப்ருல் 2020இல் நிதியமைச்சரானது அப்படித்தான். அதே 2020இல், வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் கோவிட் கிருமி வயிற்றுக்குள் போய்ச் செத்துவிடும் என்று டிவியில் சொன்ன சுகாதார அமைச்சர் ஒரு டாக்டர். மறு வருடம் தடுப்பூசித் திட்டத்தை நடத்திய அமைச்சர் கைரி ஜமாலுடின் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது தத்துவம், அரசியல், பொருளாதாரம். ஊசி போட்டுக்கொள்ள நான் வரிசையில் காத்திருந்த நேரம் அதிகமில்லை.

அதற்காக அனுபவமே தேவையில்லை என்று எழுதினால் என் அப்பா கோபிப்பார். இந்தக் கடைப் பக்கத்துச் சாலைக்குப் பெயர் தந்த, அந்தக் கால அமைச்சர் துன் சம்பந்தன் ரப்பர் தோட்டம் தெரிந்தவர். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், துண்டாடல் என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் ஃபைலில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அப்படி விற்ற தோட்டங்களை வாங்க 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அப்பாவும் கட்டினார். அதே சம்பந்தன் சுகாதார அமைச்சராகவும் இருந்திருக்கிறார், டாக்டர் இல்லாமலே.

சரி, கடைக்கு வருவோம். மறுபடி போக ஒரு மாதம் ஆனது. தம்பி இப்போது வாரம் இரண்டு நாள், விடிவதற்கு முன்பே சமையல்காரரை ஏற்றிக்கொண்டு செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகிறார். அண்ணன் செவுளைத் தூக்கிப் பார்ப்பாராம், இவர் பக்கத்தில் நின்று காசு கொடுப்பாராம். மீன் முழுசாக வருகிறது. பில்லும் ஒழுங்காக இருக்கிறது. முன்பு பெரியவர் இலையைப் பார்த்து வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார், அது எப்போதும் இரண்டு வெள்ளி கூடத்தான் இருக்கும். வேலையாட்களுக்குச் சம்பளமும் தேதி தவறுவதில்லையாம்.

ஒரே மனக்குறை, இரண்டாவது அப்பளத்துக்கு 50 காசு. பெரியவர் காலத்தில் நடக்காத காரியம். எந்தச் சமையல்காரரைக் கேட்டு முடிவெடுத்தாரோ!

பன்னிரண்டரைக்கு முன் போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் பாகற்காய் தீர்ந்துவிடும். போன புதன்கிழமை, “இன்னிக்குத் தெங்கிரி இருக்கா தம்பி?” என்று கேட்டேன். உடனே தலையாட்டப் போனவர், நிறுத்தி, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: “அண்ணே, இது என்ன மீன்?”

“செனாங்கின்!”

அதையே வைக்கச் சொன்னேன்.